பெற்றோர் வசிக்கும் இடத்தில்

தலைமைக் கல்வி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் சிறப்புக் கல்விப் பிரிவு இருக்கிறது. அங்கே என் மேசைக்கு எதிர்மேசை அவருடையது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘பத்தாம் தேதி மேடம்’. எனக்கு அக்கா. மாதாமாதம் பத்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு முப்பத்தொரு மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கும் அவர் எழுதிய தகவல் மடல் போய்ச் சேர்ந்துவிடும். எழுதுவது அவர், ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்து அனுப்புவது நான்.

அந்த மடலில் சுவாரசியமாக எதுவும் இருக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காது கேளாத பிள்ளைகளின் கணக்கெடுப்பை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், பார்வைக் குறையுள்ள மாணவருக்குத் தேர்வில் எவ்வளவு கூடுதல் நேரம், புதுப் படிவம் எது, பழைய படிவத்தை எப்போது தூக்கிப் போடலாம், பயிற்சி வகுப்பு எங்கே, இப்படி நாலு பக்கம். ஆனால் அந்த நாலு பக்கத்துக்காக அக்கா மாதம் முழுக்க மெனக்கெடுவார். ‘மேற்கண்ட பொருள் தொடர்பாக’ என்று ஒரு வரி தொடங்கினால் அவருக்குப் பல் கூசும். அடித்துவிட்டு மறுபடி எழுதுவார்.

அவர் அலுவலகத்துக்காரர் அல்ல. ஒன்பது வருடம் சிறப்பு ஆசிரியையாக இருந்தவர். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபோது, ஆறு மாதத்துக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று இங்கே அனுப்பினார்கள். ஆறு மாதம் பத்தொன்பது வருடமாகிவிட்டது. ஏன் திரும்பிப் போகவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

“ஆறு மாசம்னு எழுதியிருந்த ஃபைல் தொலைஞ்சு போச்சு. அது கிடைக்கிற வரைக்கும் இருப்போமேன்னு இருக்கேன்” என்றார்.

வீட்டில் அவரும் கணவரும்தான். மகள் வேறு ஊரில் படிக்கிறாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒவ்வொரு மடலையும் அனுப்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கணவருக்கு அக்கா உரக்கப் படித்துக் காட்டுவார். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பார். புரியாத இடம் வந்தால் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “கதவு திறக்குதா, மூடுதா? அதைச் சொல்லு முதல்ல” என்பார். அக்கா அந்த வரியை மாற்றி எழுதுவார். பத்தொன்பது வருடமாக முப்பத்தொரு மாவட்டங்களுக்கும் போன அரசு மடலுக்கு இதுதான் பரீட்சை என்பது பிரிவுத் தலைவருக்குக்கூடத் தெரியாது.

நான் சொல்ல வந்த மாதத்தில் அந்தப் பரீட்சை சரியாக நடக்கவில்லை. அன்று மத்தியானம்தான் அக்காவின் கணவர் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். வாய் நிறையப் பஞ்சு. அக்கா படித்த நாலு பக்கத்துக்கும் ‘ம்’ என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அக்காவும் பாவம், நல்லபடி வந்திருக்கிறது போலிருக்கிறதே என்று சந்தோஷமாகத் தூங்கப் போய்விட்டார்.

பிழை நாலாவது பத்தியில் இருந்தது. அதைச் சொல்லும் முன் தனித்திட்டம் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் வருடத்துக்கு ஒருமுறை ஒரு திட்டம் எழுத வேண்டும். இந்த வருடம் இந்தப் பிள்ளைக்கு என்ன கற்றுத் தருவோம், எப்படி, யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆசிரியர்களும் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதுவது விதி. ‘ஆண்டுக் கூட்டத்தைப் பெற்றோருக்கு வசதிப்படும் இடத்தில் நடத்த வேண்டும்’ என்று மடலில் வருடம் தவறாமல் ஒருமுறை நினைவூட்டுவார் அக்கா. நடைமுறையில் அந்த இடம் எப்போதும் தலைமையாசிரியரின் அறைதான். அம்மாக்கள் வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த மாதம் அக்கா ‘பெற்றோ’ என்று தட்டியதுமே கணினி முந்திக்கொண்டு ‘பெற்றோர் வசிக்கும்’ என்று நிரப்பியிருக்கிறது. அக்கா கவனிக்கவில்லை. நானும் இரண்டு தடவை படித்தேன், என் கண்ணிலும் படவில்லை. ‘ஆண்டுக் கூட்டத்தைப் பெற்றோர் வசிக்கும் இடத்தில் நடத்த வேண்டும்’ என்ற உத்தரவு முப்பத்தொரு மாவட்டங்களுக்கும் போய்விட்டது.

மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. முப்பது மாவட்டங்கள் மடலைப் படிக்கவே இல்லையா, இல்லை பழக்கத்தில் பழையபடியே படித்துக்கொண்டார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முப்பத்தொன்றாவது மாவட்டத்திலிருந்துதான் ஒருநாள் காலை தொலைபேசி வந்தது. மலை மாவட்டத்தின் கல்வி அதிகாரி. கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியராகி, நாலு மாதத்துக்கு முன்புதான் அதிகாரியானவர். அக்கா ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“வணக்கம் மேடம். இருபத்தாறு வீடு முடிஞ்சுது. பதினெட்டு பாக்கி. அதுல ஒரு சின்ன சந்தேகம்.”

“எந்த வீடு சார்?”

“பெத்தவங்க வீடு மேடம்.”

“பெத்தவங்க வீட்ல என்ன சார் முடிஞ்சுது?”

“தனித்திட்டக் கூட்டம்தான். நீங்க எழுதியிருந்தீங்களே, நாலாவது பத்தி, ரெண்டாவது வரி. சந்தேகம் என்னன்னா, ஒரு பிள்ளைக்கு அப்பா கீழூர்ல இருக்கார், அம்மா மேலூர்ல இருக்காங்க. பேச்சுவார்த்தை கிடையாது. இப்ப வசிக்கும் இடம்னா எதை எடுத்துக்கறது?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் அதற்குள் மடலைத் திறந்து நாலாவது பத்திக்குப் போயிருந்தேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் அந்த வரியைப் படித்தார்.

“ரெண்டு இடத்துலயும் ஒவ்வொரு கூட்டம் போடுங்க சார். மத்ததை நான் பாத்துட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டார்.

“நான்தானே அக்கா ரெண்டு தடவை படிச்சேன்” என்றேன்.

“நான் எழுதினேன், நீ படிச்ச, எங்க வீட்டுக்காரர் ‘ம்’ சொன்னார். மூணு பேருமா சேர்ந்து நாப்பத்தி நாலு குடும்பத்தோட வீட்டுக்குள்ள அதிகாரியை அனுப்பி வெச்சிருக்கோம்.”

பிரிவுத் தலைவர் நல்லவர்தான். ஆனால் எந்த விஷயத்தையும் இரண்டு வரிக்குள் அடக்கிவிட வேண்டும் என்பார். விஷயத்தைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தட்டச்சுப் பிழைன்னு ரெண்டு வரி அனுப்பிடுங்க மேடம். அந்த ஆளைப் போதும்னு நிறுத்தச் சொல்லுங்க. துறை தப்புப் பண்ணிச்சுன்னு மட்டும் எங்கயும் வரக்கூடாது.”

அக்கா இடத்துக்குத் திரும்பி வந்து அந்த இரண்டு வரியைத் தட்டவும் தொடங்கினார். அதற்குள் மலை மாவட்டத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. முடிந்த இருபத்தாறு திட்டங்களையும் அந்த மனிதர் வரிசையாக எண் போட்டு அனுப்பியிருந்தார். எவ்வளவு சேதமாகியிருக்கிறது பார்ப்போம் என்று அக்கா முதலாவதைத் திறந்தார்.

தனித்திட்டங்கள் எப்படி இருக்கும் என்று எங்கள் பிரிவில் எல்லோருக்கும் மனப்பாடம். ‘கவனத்தை மேம்படுத்துதல். சமூகத் திறன்களை வளர்த்தல்.’ ஒரு பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பிள்ளையின் பெயரைப் போட்டாலும் ஒன்றும் குறையாது. இவை அப்படி இல்லை. முதல் திட்டத்தில் இப்படி இருந்தது: ‘இந்தப் பையன் செருப்பைக் கால் மாற்றிப் போடுகிறான், இடது வலது தெரியவில்லை என்று பள்ளியில் எழுதி வைத்திருக்கிறோம். வீட்டில் பார்த்தபோது தெரிந்தது, அவை இரண்டு அண்ணன்களின் பழைய செருப்புகள். இரண்டுமே இடது கால்.’

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அடுத்ததைத் திறந்தார். ‘காதுக் கருவியை இவள் கழற்றி எறிகிறாள் என்பது புகார். வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி மரம் அறுக்கும் ஆலை. கூட்டத்தை நாங்களே காதைப் பொத்திக்கொண்டுதான் நடத்தினோம்.’

மத்தியானம் வரை அவர் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. படித்து முடித்ததை ஒவ்வொன்றாக எனக்குத் தள்ளிவிட்டார். கடைசியில் தட்டி வைத்திருந்த இரண்டு வரியை அழித்துவிட்டு மறுபடி பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனார். அவர் என்ன பேசினார் என்பது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது.

“பிழை என்னோடது சார். அது எது வரைக்கும் போயிருக்குன்னு நேர்ல பாத்துட்டு வந்து திருத்தறேன்.”

“அதுக்கு எதுக்கு நேர்ல?”

“இருபத்தாறு பேர் வீட்டுக்குள்ள போயிருக்கு. பாக்காம எப்படி சார் திருத்தறது?”

இரண்டு நாள் கொடுத்தார். முழங்காலைக் காரணம் காட்டித் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டார் அக்கா.

ஏழு மணி நேரம் பேருந்தில் போனோம். மலை மாவட்டத்து அதிகாரி நிலையத்திலேயே குடையோடு நின்றிருந்தார். மெலிந்த மனிதர், சட்டைப்பை மட்டும் புடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே எங்கள் மடல், நாலாக மடித்து, நாலாவது பத்தியில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். அக்கா வணக்கம் சொன்ன கையோடு உண்மையையும் சொல்லிவிட்டார்.

“சார், அது பிழை. ‘வசதிப்படும்’னு இருக்கணும். என் கவனக்குறைவு.”

அவர் மடலைப் பிரித்து அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். “இருபத்தெட்டு வருஷமா சுற்றறிக்கை படிக்கிறேன் மேடம். முதல் தடவையா ஒண்ணு அர்த்தத்தோட வந்திருக்கேன்னு நினைச்சேன்” என்றார். பிறகு, “அப்ப நாங்க போட்ட இருபத்தாறு திட்டம்?”

“அது செல்லும் சார். அதுல மாத்தமே இல்ல. இன்னிக்கு எங்க கூட்டம்?”

“ரெண்டு இடத்துல.” முகம் கொஞ்சம் தெளிந்தது. “வர்றீங்களா?”

முதல் வீட்டில் எங்களுக்கு நல்ல வரவேற்பு இல்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே அறை. துவைத்த துணி கொடியில் தொங்கியது. கட்டிலில் படுத்திருந்த பெரியவர் எங்களுக்காக எழுந்து உட்கார வேண்டியிருந்தது. பையனின் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டார்.

“நாளைக்கு வர்றோம்னு சொல்லிட்டுத்தான் வந்தீங்க, இல்லேங்கல. ஆனா வரலாமான்னு கேக்கலியே. இந்த ஒரு ரூமுக்குள்ள அஞ்சு பேரை நான் எங்க உக்கார வைப்பேன்? எங்க வீட்டுத் துணி தொங்கறதைப் பாத்துத்தான் எம் பிள்ளைக்குப் பாடம் முடிவு பண்ணுவீங்களா? நான் பள்ளிக்கூடத்துக்கே வர்றேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வெச்சுக்குங்க, அது போதும் எனக்கு.”

அதிகாரி சட்டைப்பையைத் தொட்டார். அக்கா முன்னால் போய், “நீங்க சொல்றதுதாம்மா சரி. கேட்டிருக்கணும். நாளைக்கு அஞ்சே கால்?” என்றார். அந்த அம்மா கொஞ்சம் இறங்கி வந்து, “அஞ்சரை” என்றார். அஞ்சரை என்று குறித்துக்கொண்டு வெளியே வந்தோம். அக்கா அதிகாரியின் ஜீப்பில் ஏறியதும் நோட்டை எடுத்து எதையோ எழுதினார்.

இரண்டாவது இடம் பேருந்துகள் திரும்புகிற முனையில் ஒரு தேநீர்க் கடை. முன்னால் கடை, பின்னால் இரண்டு அறை வீடு. அப்பா அடுப்பில் நின்றார், அம்மா எங்களை உள்ளே அழைத்தார். ஒன்பது வயதுப் பெண். பேசமாட்டாள். வகுப்பு ஆசிரியை கொண்டுவந்த கோப்பில், ‘பேச்சு இல்லை. மூன்றுக்கு மேல் எண் அறிவு இல்லை’ என்று எழுதியிருந்தது. அதிகாரி, வகுப்பு ஆசிரியை, சிறப்பு ஆசிரியர், அக்கா, நான் என்று ஐந்து பேர் உட்கார்ந்தோம். ஜன்னலருகே நின்று எங்களை ஒரு பார்வை பார்த்த அந்தப் பெண் கடைப் பக்கம் போய்விட்டாள்.

இரண்டு நிமிடத்தில் தட்டோடு வந்தாள். எட்டுக் கண்ணாடிக் குவளை. எங்கள் ஐந்து பேருக்கும் அம்மாவுக்கும் கொடுத்தாள். ஒன்றை அப்பா பக்கத்தில் வைத்தாள். தட்டில் ஒன்று மிஞ்சியது.

“ஒரு கிளாஸ் ஜாஸ்தியா எடுத்துட்டு வந்துட்டா பாவம்” என்றார் ஆசிரியை.

பெண் அந்தக் குவளையோடு வெளியே போனாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அவரை நாங்கள் யாரும் நினைக்கவே இல்லை.

ஆசிரியை குவளையைக் கீழே வைத்தார். “ஸ்கூல்ல மரக்கட்டையைக் குடுத்து எண்ணச் சொன்னா கண்ணை இறுக்கி மூடிக்குவா மேடம். ரெண்டு வருஷமா கட்டையை வெச்சுக்கிட்டு இவ முன்னாடி உக்காந்திருக்கேன்.”

“கட்டையை எதுக்கு டீச்சர் எண்ணணும்? கட்டை என்ன டீ குடிக்கவா போகுது?” என்றார் அம்மா. குத்தலாகச் சொல்லவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டார். ஆசிரியைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குள் வெளியே பேருந்து வந்து நின்றது. பெண் எழுந்து ஜன்னலுக்குப் போனாள், வெளியே பார்த்தாள், கடைக்குப் போய்க் குவளைகளை அடுக்கினாள். அப்பா தலை நிமிரவே இல்லை, அவள் அடுக்கினதில் ஊற்றிக்கொண்டே போனார். அதிகாரி வாசலுக்கு ஓடினார். இறங்கியவர்களை விரலை நீட்டி எண்ணினார். குழம்பிப்போய் மறுபடி எண்ணினார்.

“பதினாலு பேர் இறங்கினாங்க. பதினொண்ணுதான் வெச்சிருக்கா” என்றார்.

“அந்த ரெண்டு பொம்பளைங்களும் டீ குடிக்க மாட்டாங்க சார். கடைசியா இறங்கினவர் நேரா வீட்டுக்குப் போயிடுவார். அவளுக்குத் தெரியும்” என்றார் அப்பா.

பதினொரு குவளையும் காலியாகும் வரை அதிகாரி வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, மிக மரியாதையாக, ஏதோ அறிவிப்பதைப் போலச் சொன்னார்: “மேடம், இது கழித்தல்.”

அன்று அந்தத் திட்டத்தை எழுதியது அக்காதான். ஆசிரியையிடமிருந்து பேனாவைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டி எழுதினார். மதிய உணவு நேரத்தில் வகுப்புக்குத் தண்ணீர்க் குவளை வைக்கும் பொறுப்பு இவளுக்கு. அன்று வந்தவர்கள் எத்தனை, வராதவர்கள் எத்தனை என்று அவளே பார்த்து வைக்க வேண்டும். பிறகு அந்த எண்ணைப் பலகையில் எழுதப் பழக்க வேண்டும். மரக்கட்டை வேண்டாம். ‘மரக்கட்டை வேண்டாம்’ என்பதையும் சேர்த்தே எழுதினார், ஆசிரியை கேட்டுக்கொண்டதால். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு குழந்தைக்கு அவர் எழுதிய முதல் திட்டம் அது. எழுதி முடித்ததும் அக்காவின் காது மடல்கள் சிவந்திருந்தன. சந்தோஷம் அதிகமானால் அவருக்கு அப்படித்தான்.

மறுநாள் சாயங்காலம் அஞ்சரைக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் வீட்டு அம்மாவின் கூட்டம் நடந்தது. நல்ல புடவை கட்டி, தலைமையாசிரியருக்கு எதிரே முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து, கேட்க வேண்டிய ஒன்பது கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒன்பதுக்கும் பதில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போட்டார்.

இருட்டும் நேரத்தில் பேருந்து ஏறினோம். அக்கா ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு சொன்னார்: “இத்தனை வருஷமா ‘வசதிப்படும் இடம்’னு எழுதறேன். அது யார் சொல்ற வசதின்னு ஒரு தடவைகூட எழுதலை பாரு. நாமளே முடிவு பண்ணிக்கிட்டோம்.”

அடுத்த மடலின் முதல் பத்தி அந்தப் பேருந்திலேயே தயாராகிவிட்டது. ‘சென்ற மாத மடலில் கூட்டம் பெற்றோர் வசிக்கும் இடத்தில் நடக்க வேண்டும் என்று இருந்தது தவறு. தவறு என்னுடையது. அதற்கு முன் இருந்த “வசதிப்படும்” என்பதும் போதாது என்று இப்போது தெரிகிறது. இனி, ஆண்டுக் கூட்டத்தைப் பெற்றோர் சொல்லும் இடத்தில், சொல்லும் நேரத்தில் நடத்தலாமா என்று துறை பரிசீலிக்கிறது.’

பிரிவுத் தலைவர் இதைப் படித்துவிட்டு, “துறை பரிசீலிக்குதுன்னு துறைக்குத் தெரியுமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூன்று பேரும் இயக்குநரிடம் போனோம். இயக்குநர் அம்மா சுறுசுறுப்பானவர். நின்றுகொண்டே படிப்பார், படித்துக்கொண்டே கேட்பார். மலை மாவட்டத்துத் திட்டங்களைப் புரட்டத் தொடங்கியவர் முதலாவதிலேயே நின்றார்.

“வீட்டுக்குப் போகச் சொல்லி யார் அனுமதி குடுத்தது?”

“யாரும் குடுக்கலைம்மா. அதான் தப்பு” என்றார் அக்கா.

“இந்த ரெண்டு இடது கால் செருப்பு என்னாச்சு?”

“மாத்திட்டாங்கம்மா.”

“பையன்?”

“ஓடறானாம். வகுப்புல பிடிச்சு உக்கார வைக்க முடியலைன்னு இப்ப டீச்சர் புகார் எழுதியிருக்காங்க.”

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் காரியம் நடக்கும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. விருப்பமுள்ள மாவட்டங்கள் ஆறு மாதம் செய்து பார்க்கட்டும் என்றார். ‘பரிசீலிக்கிறது’ என்பதை அடித்துவிட்டு ‘நடத்தலாம்’ என்று தன் கையாலேயே எழுதினார். ‘தவறு என்னுடையது’ என்ற வரியை மட்டும் எடுத்துவிடலாமே என்று பிரிவுத் தலைவர் மெல்லச் சொன்னார்.

“அது இருக்கட்டும். அதுக்காகவாவது எல்லாரும் மீதியைப் படிப்பாங்க.”

படித்தார்கள். பத்தாம் தேதி பதினொரு மணிக்கு நான் அனுப்பினேன், பதினொன்றேகாலுக்குத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. அக்கா சௌக்கியமா என்று விசாரித்தவர்கள் பாதி, எங்கள் மாவட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றவர்கள் ஒன்பது பேர். கடற்கரை மாவட்டத்து அதிகாரி ஒருவர், மூன்றாம் பக்கத்தில் போட்டிருக்கும் பயிற்சித் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறதே, அதுவும் பிழையா அல்லது வேண்டுமென்றா என்று கேட்டார். அது பிழைதான். அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் பரிசு வாங்கிய பிள்ளையின் பெருமை.

“மூணாவது பக்கம் வரைக்கும் படிக்கிறாங்கடி.”

ஆறு மாதம் ஒரு வருடமானது, பிறகு விதியாகவே ஆகிவிட்டது. எல்லாம் நன்றாகப் போனது என்று சொல்லமாட்டேன். சில மாவட்டங்கள், ‘பெற்றோர் தலைமையாசிரியர் அறையையே சொன்னார்கள்’ என்று நூற்றுக்கு நூறு கணக்குக் காட்டின. அக்கா அவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு படிவம் தயாரித்தார். அதில் ‘கூட்டம் எங்கே, எப்போது வேண்டும்?’ என்று ஒரே கேள்விதான், பெற்றோர் தம் கையால் நிரப்ப வேண்டும். அதன்பிறகு கணக்கு மாறியது. மலை மாவட்டத்தில், பேச்சுவார்த்தையில்லாத அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக இரண்டு கூட்டம் நடந்தது. பிள்ளையைப் பற்றி இருவரும் சொன்னது அட்சரம் பிசகாமல் ஒன்றாக இருந்தது என்று அந்த அதிகாரி இரண்டு அறிக்கையையும் ஒன்றாகப் பின் அடித்து அனுப்பியிருந்தார்.

தேநீர்க் கடைப் பெண் இன்றும் பேசுவதில்லை. ஆனால் எண்களை எழுதுகிறாள். இருபத்துமூன்று பேர் படிக்கும் வகுப்பில் யார் வரவில்லை என்பது ஆசிரியைக்கு முன் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. வருகைப் பதிவேட்டை எடுக்கும்போது ஆசிரியை அவளைத்தான் பார்க்கிறார். போன வருடம் ‘இரண்டு இலக்கக் கழித்தல், தானாகச் செய்கிறாள்’ என்று அவளுடைய திட்டத்தில் எழுதியிருந்தது.

அக்காவுக்கும் ஒரு மாற்றம் வந்தது. வியாழக்கிழமைகளில் வெளியே போகிறேன், மற்ற நாளில் மடல் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது மாதத்தில் நாலு வியாழன் நாலு ஊர். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. அதைப் பற்றிக் கேட்டால், “அது பாட்டுக்கு வலிக்கட்டும், நான் பாட்டுக்குப் போறேன்” என்பார். பெற்றோர் சொல்லும் இடங்கள் பலவிதம். ரொட்டிக் கடையின் பின்னறையில், மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு கூட்டம் நடந்தது. அந்தத் திட்டத்தின் பக்கங்களைத் தட்டினால் இன்னும் மாவு உதிர்கிறது. மருத்துவமனை வராந்தாவில் ஒன்று, மைதானத்துப் படிக்கட்டில் ஒன்று.

போன மாதம் பிரிவுத் தலைவரும் ஒரு கூட்டத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார். அப்பா முடிதிருத்துபவர். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். நாங்கள் போனபோது கடையில் உட்கார இரண்டு முக்காலியும் முடிதிருத்தும் நாற்காலி ஒன்றும்தான். அக்காவும் ஆசிரியையும் முக்காலியில் உட்கார்ந்தார்கள், நான் நின்றேன். பிரிவுத் தலைவர் வேறு வழியில்லாமல் அந்தப் பெரிய நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

“சும்மா உக்காந்திருக்க வேணாம் சார்” என்று அந்த அப்பா துணியை உதறிக் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார். பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டு, தன் மகளுக்கு எந்தச் சத்தம் ஆகாது, எது ஆகும், கத்தரிச் சத்தம் கேட்டால் ஏன் தூங்கிவிடுகிறாள் என்று வெட்ட வெட்டச் சொல்லிக்கொண்டே போனார். நாற்பது நிமிடம். ஆசிரியை பக்கம் பக்கமாக எழுதினார். பிரிவுத் தலைவர் நடுவில் ஒருமுறை ஆமோதிக்கப் பார்த்தார்.

“தலையை ஆட்டாதீங்க சார், காதுல பட்டுடும்” என்றார் அப்பா.

அவர் ஆட்டவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.